சேனை வைக்க யார்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் விரலைத்தான் பார்க்கிறார்கள். எள்ளை ஒட்டிவைத்தது போல ஒவ்வொரு விரலிலும் ஒரு நகம் இருக்கும். "நகமெல்லாம் இருக்கே!" என்று ஆச்சரியப்படுவார்கள். நர்சாக இந்தப் பிரிவுக்கு வந்த முதல் நாள் நானும் அப்படித்தான் சொன்னேன். அன்று என்னோடு டூட்டியில் இருந்த சீனியர் சிஸ்டர், "நகம் இருக்கும். கோபமும் இருக்கும், பாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் டயபர் மாற்றப் போன என் கையை அந்தக் குழந்தை காலால் உதைத்தது. குளிர்ந்த பஞ்சால் துடைத்திருக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைப் பிரிவு ஒரு நீள அறை. மேலிருந்து இதமாகச் சூடு இறங்கும் திறந்த தொட்டில்கள் வரிசையாக இருக்கும். அவற்றை வார்மர் என்போம். ஊர்க்காரர்களுக்கு அது 'பெட்டி'. "புள்ள பெட்டியில இருக்கு" என்று போனில் சொல்வார்கள். அறைக்கதவில் முகம் தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடி. வெளியே வராந்தா, அதில் ஒரு பெஞ்சு. வராந்தாவுக்கு எதிர்ப்புறம் பிரசவமான தாய்மார்களின் வார்டு. கதவுக்கு வெளியே ஜன்னல் கட்டையில் கோவில் புற்றுமண் பொட்டலங்கள் எப்போதும் இருக்கும். குழந்தையின் நெற்றியில் வைக்கக் கொண்டுவருவார்கள். உள்ளே விடமாட்டோம். "அம்மா தலையணைக்கு அடியில வச்சுக்கோங்க" என்று சொன்னால் பாதிப்பேர் கேட்பார்கள். மீதிப்பேர், ஒரு கண்ணாடி தூரத்திலாவது பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார்கள். கூட்டுகிற அக்கா அவற்றைத் தள்ளாமல் சுற்றிப் பெருக்குவார்.

வேலையை விளக்கினால் மிகச் சாதாரணமாக இருக்கும். சூடு குறையாமல் பார்க்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும், பாலை அளந்து கொடுக்க வேண்டும், மூச்சைக் கவனிக்க வேண்டும். மாதம் நிறையாத குழந்தைகள் தூக்கத்தில் சில நேரம் மூச்சு விட மறந்துவிடும். மானிட்டர் கத்தும். உள்ளங்காலில் விரலால் தேய்த்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி மூச்சு விடும். தூங்குகிறவரை எழுப்பிப் பேருந்தில் டிக்கெட் கேட்டால் எப்படி முறைப்பாரோ அந்த முறைப்பு.

நான் சொல்ல வந்த பெண்குழந்தைக்கு அந்த முறைப்புகூட இல்லை.

ஏழாம் மாதம் முடிந்த கையோடு பிறந்தவள். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கீழே. மூச்சுக்கு உதவி தேவைப்பட்ட கட்டம் நல்லபடியாகத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் தூக்கம். வாயில் சிறு குழாய் வழியாக வயிற்றுக்குப் பால் போகும், தூங்கிக்கொண்டே வாங்கிக்கொள்வாள். உதட்டைத் தொட்டால் வாயைத் திறக்கமாட்டாள். கையைத் தூக்கி விட்டால் அது ஈரத்துணி போல விழும். எடை ஏறவில்லை. டாக்டரம்மா சொன்னார்: "மருந்தெல்லாம் போதும். இனி அவளை எழுப்ப வேண்டியது அவ அம்மாதான். அம்மா நெஞ்சுல போட்டுக்கிடணும். சப்புற ருசியைக் காட்டணும். அம்மா எங்கே?"

அம்மா எதிர் வார்டில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

ராயகிரியில் பிறந்து சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்ட பெண். கணவர் விசைத்தறியில் வேலை. கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வரும். பால் பீய்ச்சித் தரச் சொன்னால், மறுக்காமல் கிண்ணத்தில் பீய்ச்சி மூடிபோட்டுக் கொடுத்துவிடுவார். "நீங்களே வந்து பாருங்களேன்" என்றால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். குழந்தை ஆணா பெண்ணா என்பதைக்கூட மற்றவர்கள்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

காரணத்தை அவருடைய அண்ணன் சொன்னார். சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். டிரிப்புக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பார். "போன தடவை ஒரு பையன் சிஸ்டர். அதுவும் மாசம் நிறையல. வீட்டுக்கு வரவே இல்ல. அவனை மடியில வச்சிருந்தா, பேரெல்லாம் யோசிச்சு வச்சிருந்தா. இப்ப பார்த்தா மனசு ஒட்டிக்கிடுமாம். ஒட்டுன பிறகு போயிருச்சுன்னா தாங்கமாட்டேங்கா." சொல்லிவிட்டுக் கண்ணாடியில் படிந்த மூச்சைச் சட்டைக் கையால் துடைத்தார்.

நாங்கள் எல்லாரும் பேசிப் பார்த்தோம். பக்கத்துக் கட்டில்காரி தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அதற்கு மட்டும் அந்தப் பெண் சிரித்தார். எழுந்திருக்கவில்லை.

இந்த நிலையில்தான் நாத்தனார் வந்தார். குழந்தையின் தகப்பனுக்கு அக்கா. பக்கத்துத் தெருவில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார். கையில் சிறு பாட்டிலில் சீனித்தண்ணீர். கூடவே திரித்த வெள்ளைத் துணி.

"சிஸ்டர், சேனை வைக்கணும். கதவைத் தொறங்க."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறாரோ அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். அதனால் கையைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். எங்கள் அறையில் இதற்கு இடமே இல்லை. சீனித்தண்ணீர் மாதம் நிறையாத குடலுக்கு ஆபத்து.

"சீனித்தண்ணி ஆகவே ஆகாதுக்கா."

"அப்பக் கழுதைப்பால் கொண்டாரட்டா? நம்ம தெருப்பக்கம் ஒருத்தன் கழுதையோட வாரான்."

"அது சுத்தமா ஆகாது."

"அதும் ஆகாது, இதும் ஆகாது. அப்புறம் புள்ள கண்ணு முழிக்கலேங்கீங்க. சேனை வைக்காத நாக்கு எப்படி அசையும்? ஒங்களுக்கு யாரு வச்சது?"

"எங்க சித்தப்பா."

"அவரு ரொம்பக் கண்டிசனான ஆளோ?"

டாக்டரம்மா உள்ளிருந்து இதைக் கேட்டுவிட்டார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர். வெளியே வந்து ஒரு வழி சொன்னார். குழாயில் பால் கொடுக்கும் முன்னால் தாயின் பாலில் ஒரு சொட்டை எடுத்துக் குழந்தையின் கன்னத்து உட்புறம் தடவுவது எங்கள் அன்றாட வேலைதான். வாய்க்கு நல்லது, சப்பும் பழக்கமும் வரும். அந்த ஒரு சொட்டை அவர்கள் ஆள் ஒருவர் வைக்கலாம். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மோதிரம், வளையல், கயிறு எதுவும் கூடாது. ஒரே ஓர் ஆள். "யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

பேசி முடிவு பண்ணச் சொன்னது எங்கள் பிழை. எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் பெஞ்சு பத்தாது.

மறுநாள் காலை வராந்தாவில் குடும்பம் கூடியது. நாத்தனார், டிரிப்பை மாற்றிவிட்டு வந்திருந்த அண்ணன், குழந்தையின் தகப்பன். தகப்பன் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இவர்களோடு ஒரு பெரியவரும் வந்திருந்தார். தகப்பன் வழியில் சித்தப்பா முறை. மேலநீலிதநல்லூரில் இருந்து முதல் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"தங்கமான குணம் சிஸ்டர்" என்று நாத்தனார் எனக்கு அறிமுகப்படுத்தினார். "ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டாரு. மேல ஈ உக்காந்தாக்கூட அதுவா எந்திரிச்சுப் போகட்டும்னு இருப்பாரு."

பெரியவர் கும்பிட்டார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய்க் கிண்ணத்தையும் துணியையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். முதல் பஸ் பிடிக்க எப்போது எழுந்தாரோ.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏற்கெனவே பாப்பாவுக்குத் தூக்கம்தான் பிரச்சினை. இவர் குணமும் சேர்ந்தா எப்ப எந்திரிக்க? எங்களுக்கு வேண்டியது நல்லாச் சண்டை போடுற ஆளு. பிடிவாதக்காரர் யாராவது இருந்தாப் பாருங்க" என்றேன். பாதி விளையாட்டுக்குச் சொன்னது.

நாத்தனாரும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

"சிஸ்டர் சொல்லுதது சரிதான். புள்ளைக்குப் பிடிவாதம் வேணும்" என்றார் அண்ணன். "மைனி, நீங்களே வச்சிருங்க. ஒங்களுக்கு மேல ஆளு கிடையாது."

"என்ன தம்பி, நக்கலா?"

"நக்கல் என்ன? நீங்க பஸ்ல ஏறுனா ரூட்டே மாறிப் போகுதுல்லா. ஸ்டாப்புல எறங்கமாட்டேன், ஒங்க தெரு முக்குலதான் எறங்குவேன்னு படியில நின்னுக்கிட்டு, பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்க..."

"கட்டைப்பையும் துணி மூட்டையுமா வாரவளை மெயின் ரோட்டுல எறக்கிவிட்டா, அது ஒரு சொந்தமா? என்னைச் சொல்லுதீரே, தங்கச்சி கல்யாணத்துல செருப்பைக் காணலைன்னு பந்தியில உக்காராம நின்ன ஆளு யாரு? ஊரே சாப்பிட்டுக் கை கழுவிட்டு, இவரு வாசல்ல நிக்காரு. 'செருப்பு வந்தாத்தான் சோறு!'"

"புதுச் செருப்பு மைனி."

"புதுச் செருப்புதான். கெடைச்சுதா?"

"கெடைச்சுது. ஒங்க தம்பி கால்ல."

எல்லாரும் தகப்பனைப் பார்த்தார்கள். அவர் பஞ்சு ஒட்டிய தலையைச் சொறிந்துகொண்டு, "மாப்பிள்ளைக்கு எடுத்து வச்சதுன்னு நெனைச்சேன்" என்றார்.

வராந்தாவில் எழுந்த சிரிப்பில் மற்ற குழந்தைகளின் சொந்தக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தன் மாமியாரின் பிடிவாதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். இன்னொருவர், கேட்டால் தன் கொழுந்தியாளை வரவழைப்பதாகவும், சேனை வைத்த அன்றே குழந்தை வீட்டு வாசல்வரை நடந்துவிடும் என்றும் சொன்னார். பெரியவர் மட்டும் தூங்கினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல நான் கையைத் தூக்கினேன்.

அப்போது எதிர் வார்டு வாசலில் அந்தப் பெண் நின்றார்.

ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார். பிரசவத்துக்குப் பிறகு அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிட உயரம்.

"ஏட்டி, நீ ஏன் எந்திரிச்சு வாரே?" என்றார் அண்ணன்.

"மைனி கையும் வேண்டாம், ஒங்க கையும் வேண்டாம்."

"பின்ன யாரு கை?"

"பிடிவாதம் பிடிவாதம்னு இங்கன கெடந்து கத்துதீங்களே." குரல் கரகரத்தது. பல நாள் பேசாத தொண்டை. "பெத்த புள்ளையைப் பாக்கமாட்டேன்னு படுத்துக் கெடக்கேன். எத்தனை பேரு வந்து சொன்னீங்க? எந்திரிச்சேனா? என்னைவிட ஒரு பிடிவாதக்காரியை இந்த ஊர்ல காட்டுங்க பாப்போம்."

நாத்தனார்தான் முதலில் தெளிந்தார். "அது என்னமோ வாஸ்தவந்தான்" என்றார்.

கை கழுவும் தொட்டியில் ஒரு சிக்கல். அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே வளைகாப்பு போட்டிருக்கிறார்கள். கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் இறுக்கமாக இருந்தன. கையும் கொஞ்சம் வீங்கியிருந்தது. அண்ணன் உடைத்துவிடலாம் என்றார். "சும்மா இரும்" என்று நாத்தனார் அவரைத் தள்ளிவிட்டு, அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, சோப்பு நுரையைத் தடவி, கட்டை விரலை உள்ளுக்கு மடக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஜாக்கெட்டில் கொக்கி வைக்கும் விரல்கள். ஒரு வளையல்கூட உடையவில்லை. கழற்றியதை எல்லாம் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "நாளைக்குப் புள்ளையோட வீட்டுக்கு வரும்போது போட்டுக்கிடலாம்" என்றார். 'வரும்போது' என்ற சொல்லுக்கு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

உள்ளே வந்ததும் எந்த வார்மர் என்று அவர் கேட்கவில்லை. வரிசையில் மூன்றாவதன் முன்னால் போய் நின்றார். எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். அண்ணன் தினமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, பக்கத்தில் நிற்பவர்களிடம் 'மூணாவது பெட்டி' என்று கை காட்டுவதைப் படுக்கையில் இருந்தே பார்த்திருக்கிறார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததாக நாங்கள்தான் நினைத்திருந்தோம்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். குழந்தை வழக்கம்போலத் தூங்கியது. மூக்கு நுனியில் பால்புள்ளிகள், நெற்றி ஓரத்தில் பூனைமயிர். "எங்க அண்ணன் காது" என்றார். பிறகு, "நகமெல்லாம் இருக்கு" என்றார்.

கிண்ணத்தில் அவர் காலையில் தந்த பால். சுண்டு விரல் நுனியை அதில் தொட்டு எப்படி வைக்க வேண்டும் என்று காட்டினேன். உதட்டு ஓரம், பிறகு கன்னத்தின் உட்புறம். ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். அவர் விரலைப் பாலில் தொட்டு எடுத்தார். குழந்தையின் உதட்டில் வைத்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து நெற்றி சுருங்கியது. புளிப்பு பட்டது போல முகம் முழுவதும் ஒரு பக்கமாக இழுத்தது. நாக்கு வெளியே எட்டிப் பார்த்து உள்ளே போனது. பிறகு உதடுகள் அந்த விரல் நுனியைச் சுற்றி மூடின. விட்டன. மறுபடி மூடின.

"இழுக்குது" என்றார். "சிஸ்டர், இழுக்குது."

"இழுக்கட்டும்."

"பலமா இழுக்குது சிஸ்டர்!"

பலமாக என்று சொல்ல முடியாது. ஒரு கோழிக்குஞ்சு கொத்துகிற பலம்தான் இருக்கும். ஆனால் அதுவரை எங்களில் யாருக்கும் அவள் அதைக்கூடத் தரவில்லை. கண்ணாடிக்கு வெளியே மூன்று முகங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தெரிந்தன. அந்தப் பெண் அவர்களைப் பார்த்து, மற்ற கையால் தன் வாயைத் தொட்டு, சப்புவது போலச் செய்து காட்டினார். வெளியே ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் பெரியவர் விழித்திருக்கிறார். நான் கதவைத் திறந்தபோது அவர் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுத் தயாராக நின்றார்.

"நான் எப்ப வைக்கணும்மா?"

முடிந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் அண்ணன் அவர் தோளில் கைபோட்டு அழைத்துப் போய், பிரியாணி வாங்கிக் கொடுத்து, மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். தான்தான் சேனை வைத்ததாகப் பெரியவர் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாரும் திருத்தவில்லை.

அதற்காகக் குழந்தை அன்றே எழுந்து பால் குடித்துவிடவில்லை. தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைத்துத் துணியால் கட்டிவிட்டோம். கட்டுவதற்குத் தகப்பன் தறியில் ஓட்டிய துண்டுத்துணியை, மெத்தென்று ஆகும்வரை துவைத்து வெந்நீரில் போட்டுக் காயவைத்துக் கொண்டுவந்தார். நான் காலை டூட்டிக்கு வரும்போதும் அந்தப் பெண் வார்மர் பக்கத்து நாற்காலியில் இருப்பார், நான் கிளம்பும்போதும் இருப்பார். மார்பில் வைத்தால் குழந்தை இரண்டு தடவை சப்பிவிட்டுத் தூங்கும். மீதிப் பாலைப் பாலாடையில், சங்கு போன்ற சின்னக் கிண்ணத்தில், ஊற்றி உதட்டோரம் சாய்த்துக் கொடுப்போம். பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும். நாத்தனார் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டுமாகக் கொண்டுவந்து குவித்தார். பால் நிறைய வந்தது. பக்கத்துத் தாய்க்குப் பால் வராதபோது, "எடுத்துக்கிடுங்க" என்று அந்தப் பெண் கிண்ணத்தைத் தானே நீட்டுவார். மற்றபடி யாரோடும் அதிகம் பேசமாட்டார். குனிந்து நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ பேசிக்கொண்டே இருப்பார். என்ன பேசுகிறார் என்று ஒரு தடவை காதில் விழுந்தது. மினிபஸ் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம், எடை பார்க்கும் நேரம். மிஷினைத் துடைத்து, துணி விரித்து, அவரிடம் போனேன்.

"பாப்பாவைத் தாங்க. எடை போடணும்."

"தரமுடியாது."

"ஒரு நிமிஷம்தான்."

"இப்பத்தான் முழிச்சிருக்கா சிஸ்டர். என்னையே பாக்கா. வேணும்னா என்னையும் சேர்த்து நிறுங்க. என் எடையைக் கழிச்சுக்கிடுங்க."

"இந்த மிஷின் ஒங்களைத் தாங்காது."

"அப்பப் பெரிய மிஷின் கொண்டாங்க."

கண்ணாடிக்கு வெளியே நாத்தனார் தூக்குச்சட்டியோடு நின்றார். வாயசைப்பை வைத்தே விஷயம் புரிந்துவிட்டது. கதவைக் கொஞ்சம் திறந்து, "கொடுக்காதட்டி!" என்றார்.

கொடுக்கவில்லை. துணிக்குள் ஒரு சின்னத் தலை அசைந்தது. இடமும் வலமும் முட்டிப் பார்த்தது, தேடியது. கிடைக்காத கோபத்தில் 'ங்ஙே' என்று ஒரு குரல் கொடுத்தது. அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது அன்றுதான். அந்தப் பெண் துணியைத் தளர்த்தி, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி தலைக்குப் பின்னால் கையைக் கொடுத்து மார்பருகே கொண்டுபோனார். வாய் அகலமாகத் திறந்தது. பிடித்தது. சப்பியது, நிறுத்தியது, மூச்சு விட்டது. பிறகு கேட்டது, விழுங்கும் சத்தம். 'க்ளக்'. கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'க்ளக்'.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. கதவுப்பக்கம் மட்டும் கையை நீட்டி, சாத்துங்கள் என்று நாத்தனாருக்குச் சைகை காட்டினார். நான் எடை மிஷினை அணைத்துவிட்டு, விழுங்குவதை எண்ணாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.